ஏழாம் டேங்க் புளித்த கதை

1

ஊரில் எல்லோரிடமும் நான் மருந்து கம்பெனியில் வேலை பார்ப்பதாகத்தான் வீட்டில் சொல்லிவந்தோம். பொய். நான் இருபது வருடம் வேலை பார்த்தது பீர் ஃபேக்டரியில். பெங்களூர் பொம்மசந்திராவில், ஓசூர் ரோட்டை ஒட்டி இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு லேபில் நின்றது நிஜம் என்பதால் மருந்து கம்பெனி என்று சொல்லும்போது எனக்கு நாக்கு குழறவில்லை.

குடியாத்தத்தில் இதைப் படிக்கிற என் சித்திமார்கள் உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும். முதல் ஐந்து வருடம் என் வேலையே பீரை ருசி பார்ப்பதுதான். தினமும் காலை பதினொரு மணிக்கு ஆறு கிளாஸில் ஊற்றி வைப்பார்கள். முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்ட வேண்டும். துப்பக்கூடாது. பீரின் கசப்பு தொண்டையில்தான் தெரியும், அதனால் விழுங்கியே ஆகவேண்டும். ஆமாம் சித்தி, விழுங்கினேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவளுக்குக் கிடைத்த வேலை அது. அதை நான் நன்றாகவே செய்தேன்.

பெங்களூரில் இருக்கிறவர்களையெல்லாம் புலம்பெயர்ந்தவர்கள் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காலையில் ரயிலேறினால் மதியச் சோற்றுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம், இதில் என்ன புலம்பெயர்வு என்று என் தம்பியே கேட்பான். எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தின் கீழே எந்த ஊரில் கையெழுத்துப் போட்டேனோ, அது எனக்கு வெளியூர் இல்லை, வெளிநாடு. அந்தக் கையெழுத்தால் என் பெயர் கெட்டது. அதைத் துடைத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2

இந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இது ஆரம்பித்தது. என் மகன் சதீஷுக்கு இருபத்தைந்து வயது. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். கன்னடம் எழுதுவான், இங்கிலீஷ் எழுதுவான், தமிழ் பேச மட்டும் செய்வான். இந்தக் குறிப்பு அச்சில் வந்தாலும் அவனால் படிக்க முடியாது. அது என் தப்பா, பள்ளிக்கூடத்தின் தப்பா என்று யோசித்து அலுத்துவிட்டது.

இரண்டு மாதமாக என் குளியலறையில் ஒரு பெரிய தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது. அதன் மூடியில் ஒரு டியூப். அது இரவும் பகலும் புளுக் புளுக்கென்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. சதீஷும் அவனுடைய ஆபீஸ் நண்பன் நிகிலும் வீட்டிலேயே பீர் போடுகிறார்கள். நிகில் டெல்லிப் பையன், அமெரிக்கா போய்விட்டு வந்தபோது முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டும், கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். மால்ட் காய்ச்சிய தண்ணீரைப் புளிக்க வைப்பதற்கு என் ஃப்ரிட்ஜில் இருந்த தயிரை வடிகட்டி, அந்தத் தயிர்த் தண்ணீரை அதில் ஊற்றி, போர்வை சுற்றி வைத்தார்கள். அப்புறம் மறுபடி கொதிக்க வைத்து, ஈஸ்ட் போட்டு, மார்க்கெட்டிலிருந்து நான்கு கிலோ நாவற்பழம் வாங்கி வந்து பிசைந்து போட்டார்கள். வெளிநாட்டில் இந்தப் பழம் போட்ட புளிப்பு பீரைத் தேடிப்போய்க் குடிக்கிறார்களாம். நான் என் பக்கெட்டைப் பால்கனியில் வைத்துக் குளியலறைக்கும் அதற்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் திறந்தார்கள். கத்தரிப்பூ நிறத்தில், மேலே இளம் சிவப்பு நுரையோடு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சதீஷ் ஒரு கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் காட்டினான். அதில் கம்ப்யூட்டரில் அச்சடித்த லேபிள். பெயர்: ‘டேங்க் 7’.

அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தேன்.

நிகிலுக்குத் தமிழ் வராது. அதனால் சதீஷ் அந்தக் கதையை இங்கிலீஷில் சொன்னான். இந்த ஊரிலேயே முதன்முதலில் புளிப்பு பீர் போட்டது தன் அம்மாதானாம். தொண்ணூற்றொன்றில், ஃபேக்டரியில், ஒரு டேங்க் முழுக்க. கை சுத்தமில்லாமல் எதையோ திறந்து மொத்தத்தையும் புளிக்க வைத்துவிட்டாராம். அதற்கு மரியாதையாகத்தான் இந்தப் பெயராம். நிகில் சிரித்தான். “ஆண்ட்டி, லெஜண்ட்!” என்று கிளாஸைத் தூக்கினான்.

“அம்மா, குடிச்சுட்டு இந்த லேபிள்ல ஒரு சைன் போடு. ஸ்கேன் பண்ணி எல்லா பாட்டில்லயும் ஒட்டிடறேன். சனிக்கிழமை ஆபீஸ்ல இருந்து நாப்பது பேரு வராங்க” என்றான் சதீஷ்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் அந்த வேடிக்கைக் கதையைக் கேட்டே வளர்ந்தவன். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் அவனுடைய அப்பா, என் கணவர் மாணிக்கம். “இவ கை பட்டா பாலே திரிஞ்சிடும்” என்று விருந்தாளிகள் எதிரில் சொல்வார். நிஜத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்தும் அப்படிச் சொன்னார். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது, இனி அவரோடு சண்டை போட முடியாது.

கிளாஸை மோந்து பார்த்தேன். ஒரு வாய் எடுத்தேன். பதினெட்டு வருடம் கழித்து ஒருவர் என் நாக்கிடம் கேட்கிறார், அதையும் கேலிக்குக் கேட்கிறார்.

3

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக இந்த ஊர் பற்றி எரிந்தது உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை மத்தியானமே ஃபேக்டரியில் தமிழ் ஆட்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாணிக்கம் லேத் பட்டறைக்குச் சாமான் வாங்க ஓசூர் போனவர், அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். நீலசந்திராவில் ஒற்றை அறை வீட்டில் நானும் ஏழு வயது சதீஷும்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். தெருவில் ஓடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் வாயைப் பொத்தினேன். தமிழில் பேசாதே என்று தமிழில்தான் அவனிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜெயம்மா, மைசூர்ப் பக்கத்துக்காரர், தன் வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் “இல்லி யாரூ இல்லப்பா, ஹோகி”, இங்கே யாரும் இல்லை போங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பையனை அமைதியாக வைத்திருக்கச் சீட்டுக்கட்டை எடுத்துக் கழுதை ஆட்டம் ஆடினோம். அவன் அழாமல் இருக்க வேண்டுமே என்று நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமையிலிருந்து ஊரடங்கில் ஃபேக்டரியே மூடிக் கிடந்தது, அடுத்த புதன்கிழமைதான் வேலைக்குப் போனேன். கேட்டிலேயே தயாரிப்பு அதிகாரி நின்றிருந்தார். கன்னடக்காரர் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். நம் ஜில்லாக்காரர், நம்மைப் போலவே பேசுகிறவர், கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்ததால் கலாட்டா நாட்களிலும் உள்ளேயே இருந்தவர். தமிழ் ஆட்கள் முப்பது பேரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை வரலன்னு எழுதினா சம்பளம் போயிடும். நம்மாளுங்க வயித்துல அடிக்க எனக்கு மனசு வரல. நீங்க வந்ததா எழுதி வெச்சிருக்கேன். ஒரு சைன் போட்டுட்டுப் போங்க.”

கன்னடத்தில் டைப் அடித்த தாள். ஃபேக்டரியில் இது புதிதில்லை. நமக்கு நல்லது செய்கிறவர் நீட்டுகிற கன்னடத் தாளில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவோம்: என்ன எழுதியிருக்கிறது என்று வாயால் கேட்டுக்கொண்டு, கையால் போட்டுவிடுவோம். முப்பது பேரும் போட்டோம். சிலர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டவர்களில் நானும் ஒருத்தி, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பதினொரு மணிக்கு ஆறு கிளாஸ் வந்தது. ஏழாம் டேங்க் பீரை வாயில் வைத்தவுடன் தெரிந்துவிட்டது. புளிப்பு. கெட்டுப்போன புளிப்பு, பழைய துணி ஊறிய வாசனையோடு. டேங்கிலிருந்து சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் குழாயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நெருப்புக் காட்டி, முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். யாரோ நெருப்புக் காட்டாமல் திறந்திருக்கிறார்கள். ரெஜிஸ்டரில் ‘ரிஜெக்ட்’ என்று எழுதி, கஸ்தூரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் அதிகாரி லேபுக்கு வந்தார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. நல்ல டேங்க்கோட கலந்து விட்டுடலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுது சார்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டல் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

4

பத்து நாள் கழித்து விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தயாரிப்பு அதிகாரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஏழாம் டேங்க் வெள்ளிக்கிழமை எடுத்த சாம்பிளில்தான் கெட்டது என்று முடிவு செய்திருந்தார்கள். அன்றைக்கு ஃபேக்டரிக்குள்ளேயே இருந்து குழாயைத் திறந்தவர் இந்த அதிகாரிதான் என்று உங்களால் ஊகிக்க முடியும், எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஆனால் சாம்பிள் எடுப்பது லேப் உதவியாளரின் வேலை, லேப் உதவியாளர் நான், அன்றைக்கு நான் வேலைக்கு வந்திருப்பதாகக் கையெழுத்து இருக்கிறது.

அந்தத் தாளின் இரண்டாவது வரியை அன்றைக்குத்தான் ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். ‘அவரவர் வேலையை அவரவரே செய்தோம்’ என்று இருந்தது.

“அன்னைக்கு வேலைக்கு வந்தீங்களா, இல்லையா?” என்று கேட்டார்கள்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் பொய் வருகை என்று முப்பது பேரும் மாட்டியிருப்பார்கள். கலாட்டா முடிந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. தமிழ் ஆட்களை வெளியே அனுப்பக் காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தவர்களும் அங்கே உண்டு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த முப்பதில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள்.

“வந்தேன்” என்றேன்.

டேங்கைக் கொட்டும் நாளில் என்னையும் நிற்கவைத்தார்கள். மதுவுக்கு வரி வாங்குகிற எக்ஸைஸ் இலாகா ஆள் முன்னால்தான் கொட்ட வேண்டும். வால்வைத் திறந்தார்கள், பீர் நுரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. எக்ஸைஸ் ஆள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் லேப் இல்லை. பாட்டில் கழுவி வருகிற பெல்ட்டின் முன்னால் ஸ்டூல். பின்னால் டியூப் லைட் எரிகிற வெள்ளைப் பலகை, அதன் முன்னால் பாட்டில்கள் ஓடும். விரிசல், அழுக்கு, பூச்சி ஏதாவது தெரிந்தால் எடுத்துப் போடவேண்டும். பதினைந்து வருடம். கண் போனது, முதுகு போனது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தினமும் ஒரு பக்கம் என்று கன்னட எழுத்தைக் கற்றுக்கொண்டேன். ஜெயம்மாதான் சொல்லிக்கொடுத்தார். முதலில் படித்து முடித்தது விசாரணை உத்தரவோடு எனக்குக் கொடுத்த அந்தத் தாளின் ஜெராக்ஸைத்தான்.

மாணிக்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வாய மூடிக்கிட்டு இரு. முப்பது குடும்பம்” என்றார். சரி, மூடிக்கொண்டேன். அந்த மூடின வாய்க்குப் பதிலாக அவர் வேடிக்கைக் கதையைக் கொடுத்தார். யாராவது சந்தேகமாகக் கேட்டால் சிரிக்கவைத்து அனுப்புவதற்கு அது சௌகரியமாக இருந்ததாம். எனக்கு எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

அந்த முப்பது பேரில் இப்போது யாரும் அங்கே வேலையில் இல்லை. ஃபேக்டரியும் கைமாறிவிட்டது. இனி யார் சம்பளமும் போகாது.

5

“எப்பிடிம்மா இருக்குது?” என்றான் சதீஷ்.

“புளிப்பு நல்லா வந்திருக்குது. சுத்தமான புளிப்பு. தயிரு ஒழுங்கா வேலை செஞ்சிருக்குது.”

“பாத்தியா!” என்று நிகிலின் முதுகில் தட்டினான்.

“பழமும் சரி. ஆனா பீரு தேறாது.”

“இன்னாம்மா நீ? ஏன்?”

“டிஞ்சர் வாசனை அடிக்குது. புது ரெயின்கோட்ட மோந்து பாத்தா வருமே, அந்த வாசனை. பைப்புல வர்ற காவேரி தண்ணிய காய்ச்சாம நேரா ஊத்துனியா?”

“இல்லியே. எல்லாம் ஃபில்டர் தண்ணிதான்.”

“சதீஷு.”

அவன் நிகிலைப் பார்த்தான். “கடைசியில ரெண்டு லிட்டர் கம்மியா இருந்துச்சும்மா. ரெண்டே ரெண்டு லிட்டர். இருபது லிட்டர்ல அது எப்பிடித் தெரியும்?”

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்துதான் விடுகிறார்கள். காய்ச்சினால் போய்விடும். காய்ச்சாமல் ஊற்றினால் அது பீரில் போய் இப்படி நாறும். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது பெரிய வித்தையில்லை, மூக்கும் நாக்கும் கொஞ்சம் ஒத்துழைத்தால் போதும். நிகில் தன் கிளாஸை மோந்து பார்த்துவிட்டுத் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான்.

“பாரு, அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நாப்பது பேரைக் கூப்ட்டாச்சு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு சைன் போடு. நீ பாட்டில் செக் பண்ணிட்டு இருந்தவ, இதுல என்னாத்துக்கு இவ்ளோ ஸ்ட்ரிக்டு?”

கிளாஸை மேஜையில் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட அடித்தேன் என்பதுதான் சரி. நாவற்பழ பீர் மேஜை விரிப்பில் தெறித்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

“நான் பாட்டில் செக் பண்ணவ இல்லடா. என்னை பாட்டில் செக் பண்ண ஒக்கார வெச்சாங்க. ஏன்னு உங்கப்பா உனக்குச் சொல்லல. நானும் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லு, சைன் போடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. இதே மூணும் அப்பவும் கேட்டாங்க. இப்ப நீ கேக்கற.”

நிகிலுக்கு மொழி புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு “பை ஆண்ட்டி” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

6

பீரோவில் கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே அந்த ஜெராக்ஸ் இருந்தது. மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. கொண்டுவந்து சதீஷின் கையில் கொடுத்தேன்.

“படி. எனக்குத் தமிழ்ல சொல்லு.”

“என்னா இது?”

“படிடா.”

நின்றபடியே படித்தான். கன்னடம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. “கீழ கையெழுத்துப் போட்டிருக்கிற நாங்க எல்லாரும், டிசம்பர் மாசம்... வெள்ளிக்கிழமை அன்னைக்கு வேலைக்கு வந்திருந்தோம். அவங்கவங்க வேலைய அவங்கவங்களே செஞ்சோம்.” விரலைக் கீழே ஓட்டினான். “இது உன் சைனு.”

“ஆமா.”

“இத வெச்சுத்தான் டேங்க நீதான்னு...”

“ஆமா.”

மறுபடி மேலே போய்த் தேதியைப் பார்த்தான். உதட்டை அசைத்து எதையோ கணக்குப் போட்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“அம்மா, இது கலாட்டா நடந்த வெள்ளிக்கிழமை.”

தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“அன்னைக்கு நீ ஃபேக்டரிக்கே போவலியே. என்கூட இல்ல இருந்தே? கட்டிலுக்கு அடியில கழுதை ஆடினோமே. நான்தான் எல்லா ஆட்டமும் ஜெயிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதும்மா, நீ அன்னைக்கு முழுக்க எங்கயும் போவல.”

பதினெட்டு வருடமாக எனக்கு ஒரு சாட்சி என் வீட்டிலேயே, என் கையால் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறது. ஏழு வயதில் பார்த்ததை அப்படியே வைத்திருந்திருக்கிறது. எந்த விசாரணையும் அவனைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதிகாரி மேல், மாணிக்கம் மேல், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் மேல் இத்தனை நாள் கோபப்பட்டேன். அன்றைக்குத்தான் அந்தக் கோபம் என் மேலும் கொஞ்சம் திரும்பியது. கோபம் ஆறிவிட்டதா என்று யாரும் கேட்க வேண்டாம். ஆறவில்லை.

சதீஷ் எழுந்து போய் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து சிங்க்கில் கொட்ட ஆரம்பித்தான். நான் கொட்டச் சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். யாரும் என்னை நிற்கவைக்கவில்லை. வெள்ளை சிங்க் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. கடைசி பாட்டிலில் கை வைத்தவன் திரும்பிப் பார்த்தான்.

“இது ஒண்ண மட்டும் வெச்சுக்கட்டுமா?”

“வெச்சுக்கோ. அந்த லேபிளக் கிழிச்சுட்டு வேற எழுதி ஒட்டு. கன்னடத்துலயே எழுது.”

“என்னான்னு?”

“புளிப்பு சரி. பழம் சரி. தண்ணி தப்பு. தேறாது. ருசி பாத்தது கஸ்தூரின்னு எழுது.”

எழுதி, பேனாவோடு என்னிடம் நீட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.